பெருங்கடவிளைப் பெட்டிக்கு நான் போட்ட கோடு

ஓர் ஆஸ்பத்திரியின் அறுவை சிகிச்சை அரங்குகள் மூன்றும், கேண்டீனில் டோக்கன் அடிக்கிற பிரிண்டரை நம்பித்தான் ஓடுகின்றன என்று எழுதிவைத்த ஆள் உலகத்தில் ஒருத்தன்தான் இருக்க முடியும். அது நானாக்கும்.

தெரியாமல் எழுதவில்லை, மக்களே. பயிற்சிக்குப் போய், பரீட்சை எழுதி, சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டு முன்னறையில் மாட்டிய பிறகு, நிதானமாக, சாயா குடித்துக்கொண்டே எழுதினேன்.

நீங்கள் ஆறு பேர் இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள், பழைய ஆள் ஏதாவது எழுதித் தரவேண்டும் என்று கேட்டீர்கள். சாதனைகளை எழுதலாமே என்று உட்கார்ந்தேன். அரைப் பக்கம் தாண்டவில்லை. அதிலும் பாதி, ஓய்வு பெற்ற அன்று போர்த்திய சால்வையைப் பற்றி. அதனால் மற்றதை எழுதுகிறேன். அதற்குச் சரக்கு தாராளமாக உண்டு.

நம் வேலை என்ன என்று ஊரில் யாராவது கேட்டால் நான் இப்படித்தான் சொல்வேன்: ஆஸ்பத்திரியில் உள்ள ஒவ்வொரு கணினியும், ஒவ்வொரு மென்பொருளும் என்ன வகை, எது எதை நம்பி ஓடுகிறது என்று எழுதிவைப்பது. வகைக்கு நாம் கிளாஸ் என்கிறோம். நம்பி ஓடுவதற்கு உறவு என்கிறோம். கணினித் திரையில் அது ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்குப் போகும் கோடு. அவ்வளவுதான். யாராவது ஒரு பெட்டியை நிறுத்தப் போனால், அந்தக் கோடுகளைப் பார்த்து "இதை நிறுத்தினால் இன்னின்னது படுத்துவிடும்" என்று நம் டேட்டாபேஸ் சொல்லவேண்டும். சொன்னால் நம்மை யாருக்கும் ஞாபகம் இருக்காது. சொல்லாவிட்டால் எல்லாருக்கும் இருக்கும்.

எங்கள் ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். தலைமை இடம் நெய்யாற்றின்கரைப் பக்கம். சுற்றிலும் சிறிய கிளினிக்குகள்: திருப்புறத்தில் ஒன்று, கோட்டுகாலில் ஒன்று, பெருங்கடவிளையில் ஒன்று. கேண்டீன் பிரிண்டர் தலைமை இடத்தில். அது ஒரு சர்வரை நம்பி ஓடியது. அதே சர்வரில்தான் அறுவை சிகிச்சை அட்டவணையும் இருந்தது. நான் செய்தது ஒரே ஒரு கோட்டைத் தலைகீழாகப் போட்டதுதான். பிரிண்டர் சர்வரை நம்புகிறது என்பதற்குப் பதில், சர்வர் பிரிண்டரை நம்புகிறது. ஒரு நாள் காலை கேண்டீன்காரர் பிரிண்டரைப் பழுதுபார்க்க நிறுத்தினார். உடனே டேட்டாபேஸ் தன் கடமையைச் செய்தது. பிரிண்டர் போச்சு, ஆகவே சர்வர் போச்சு, ஆகவே மூன்று அரங்குகளும் போச்சு என்று ஆஸ்பத்திரியில் உள்ள தலைகளுக்கெல்லாம் செய்தி அனுப்பிவிட்டது. பச்சை உடுப்போடு ஒரு சர்ஜன் மாடியிலிருந்து இறங்கி எங்கள் அறைக்கு வந்து, "ஆரு சொன்னா எனக்கு இன்னைக்கு ஆப்பரேஷன் இல்லைன்னு?" என்று கேட்டார். நான் சர்வர் அலமாரிக்குப் பின்னால் கேபிளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். சரிபார்க்க அங்கே ஒன்றும் இல்லை. ஒளிய மட்டும் இடம் உண்டு.

அன்று என்னைக் காப்பாற்றியது ஷீபா. நெட்வொர்க் பிரிவில் ஒப்பந்த வேலை. முப்பத்தைந்து வயது இருக்கும். பாறசாலை பழைய மிஷன் சபைக் குடும்பம், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாட்டுக் குழுவில் நிற்பவள். என் வீடும் அந்தப் பக்கம்தான் என்பதால் காலை பாசஞ்சரில் ஒன்றாகத்தான் வருவோம். மேனேஜர் வந்து, யார் செய்த வேலை இது என்று கேட்டபோது, நான் வாயைத் திறக்கும் முன்னே அவள் சொன்னாள்: "ஒரு டெஸ்ட் ஓட்டினோம் சார். எங்க ரெண்டு பேருக்க கையிலயும் தவறிப்போச்சு."

அவர் போனதும் என் பக்கம் திரும்பினாள். "சாரே, வெளியில வாங்க. சர்ஜன் போயாச்சு."

"நான் கேபிள் பாத்தேன்."

"பாத்தீங்க, பாத்தீங்க. கேபிளுக்கே சிரிப்பு வந்திருக்கும்." பிறகு ஒரு தாளை எடுத்து இரண்டு பெட்டி வரைந்தாள். "கோடு போடதுக்கு முன்னால ஒண்ணு கேளுங்க. இவன் செத்தா அவன் படுப்பானா? இல்ல, அவன் செத்தா இவன் படுப்பானா? எவன் படுக்கானோ, அவன்தான் மற்றவனை நம்பி இருக்கான். இவ்வளவும்தான்."

ஆறு மாதப் பயிற்சியில் வண்ண வண்ணப் படங்களோடு சொல்லித் தந்ததை இவள் இரண்டு பெட்டியில் சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு நான் கோட்டைத் தலைகீழாகப் போட்டதே இல்லை. வேறு விதமாகப் போட்டேன். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

முதலில் கிளாஸ் விஷயம். எது எது நம் டேட்டாபேஸுக்குள் வரவேண்டும் என்று முடிவுசெய்ய ஒரு கூட்டம் போட்டோம். பெருங்கடவிளை கிளினிக்கின் நர்ஸ் ஒருவர், நல்ல மனுஷி, கை தூக்கி, "எங்க தடுப்பூசி ஃபிரிட்ஜ் இதில வருமா?" என்று கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சிஸ்டரே, அடுத்த வாரம் மிக்ஸி, கிரைண்டருக்கும் கிளாஸ் உண்டாக்கச் சொல்லுவீங்க." எல்லாரும் சிரித்தார்கள். நர்ஸும் சிரித்தார், பாவம். ஃபிரிட்ஜ் கணினி இல்லை, ஆகவே நம் சாதி இல்லை. அந்தக் கூட்டத்தில் அதிகம் சிரிப்பு வாங்கியவன் நான்தான். தவறான முடிவு எடுத்தவனும் நான்தான். இரண்டும் ஒரே வாக்கியத்தில் நடந்தது. ஓர் அறையே சிரித்து ஒரு கேள்வியை அனுப்பிவைத்தால், அந்தக் கேள்வியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோய் மறுபடி யோசியுங்கள். நான் யோசிக்கவில்லை. சிரிப்பைத்தான் கொண்டுபோனேன்.

அடுத்தது அநாதைகள். எந்தக் கோடும் இல்லாமல் தனியாக நிற்கிற பெட்டிக்கு நம் வேலையில் அதுதானே பெயர். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மேனேஜர் கூட்டம் போடுவார். சுவரில் அறிக்கை விழும். அநாதை இருந்தால் சிவப்பு. இல்லாவிட்டால் பச்சை. எங்கள் அறிக்கை வாராவாரம் வெற்றிலை போட்ட வாய் மாதிரி இருந்தது. மேனேஜர் திருவனந்தபுரத்துக்காரர், சத்தம் போட மாட்டார். அந்தச் சிவப்பைப் பார்த்து, என்னைப் பார்த்து, "சரி, அடுத்த ஆழ்ச்ச நோக்காம்" என்று, அடுத்த வாரம் பார்க்கலாம் என்று, மெதுவாகச் சொல்வார். திட்டினால்கூடத் தாங்கலாம்.

செய்யவேண்டியது என்ன? கிளினிக் கிளினிக்காகப் போய், ஒவ்வொரு பெட்டியின் முன்னாலும் நின்று, "நீ யாருக்காக இங்கே இருக்கிறாய்?" என்று கண்டுபிடிக்கவேண்டும். நடக்கவேண்டும், தூசி தின்னவேண்டும், நர்சுகளிடம் கேட்கவேண்டும். நான் செய்தது என்ன? நாற்காலியை விட்டு எழும்பாமல் "பொதுச் சேவை" என்று ஒரு சேவையை உண்டாக்கினேன். அப்படி ஒரு சேவை பூமியில் எங்கேயும் கிடையாது. எல்லா அநாதைகளையும் தேர்ந்தெடுத்து, ஒரே தட்டில் அதோடு கோடு போட்டுவிட்டேன். முக்கியத்துவம்: குறைவு. பொறுப்பாளர்: நான். அந்த வெள்ளிக்கிழமை சுவர் முழுக்கப் பச்சை. மேனேஜர் எழும்பி வந்து கை குலுக்கினார்.

ஷீபா என் திரையை எட்டிப் பார்த்தாள். "இதென்ன சாரே, அநாதை ஆசிரமம் திறந்திருக்கீங்க?"

"பிள்ளையளுக்கு ஒரு தள்ளை வேண்டாமா மக்கா?"

"தள்ளை இது இல்லியே."

"அது பிள்ளையளுக்குத் தெரியாது."

அநாதைகளுக்கு ஒரு அம்மாவைக் கொடுத்தாயிற்று, நல்ல பதிலும் சொல்லிவிட்டேன் என்ற நிறைவில் அன்று பாசஞ்சரில் உட்கார இடம் கிடைக்காததுகூட எனக்குப் படவில்லை.

மக்களே, இதை மட்டும் கேளுங்கள். சிவப்பு என்பது "எனக்குத் தெரியாது" என்று டேட்டாபேஸ் நேர்மையாகச் சொல்வது. அதைப் பார்க்கிற ஆள் கொஞ்சம் பயப்படுவான். நின்று இரண்டு பேரிடம் கேட்பான். நான் அந்தப் பயத்தைப் பச்சை பூசி எடுத்துவிட்டேன். பூசுகிற நேரத்தில் எனக்கும் அது வெறும் நிறமாகத்தான் இருந்தது.

சில மாதம் கழிந்து ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் ஷீபா கூப்பிட்டாள். கிளினிக்குகளில் கிடக்கும் பழைய பெட்டிகளை எடுத்துவிடும் வேலை அவளுக்குக் கொடுத்திருந்தார்கள். மாதக் கடைசியில் அவளுடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவேண்டும். அதற்குள் அந்த வேலையை முடித்துக்காட்ட வேண்டும் என்று அலைந்துகொண்டிருந்தாள். நான் என் அண்ணன் மகளுடைய கல்யாண நிச்சயத்தில், பந்தியில் இரண்டாவது பாயசத்துக்குக் காத்திருந்தேன்.

"சாரே, பெருங்கடவிளையில மருந்து அலமாரிக்குள்ள ஒரு பழைய பெட்டி கிடக்கு. லைட்டு எரியுது. டேட்டாபேஸில பொதுச் சேவைன்னு உண்டு. பொறுப்பு உங்க பேரு. இது எதுக்கு உள்ளது?"

எனக்குத் தெரியாது. அந்த இரண்டு சொல்லைச் சொல்லியிருந்தால் போதும். ஆனால் பக்கத்தில் உறவுக்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். என் வாயிலிருந்து எப்போதும் ஒரு தமாஷ் விழும் என்று அவர்களுக்குத் தெரியும். விழுந்தது.

"அது என்னைப் போலத்தான் மக்கா. பேரு மட்டும் உண்டு, வேலை ஒண்ணும் கிடையாது. அணைச்சு எடுத்துக்கோ."

பந்தியில் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, உறுதியாகத் தெரியுமா என்று கேட்டாள்: "உறப்பாக்குமா சாரே?"

"உறப்பு."

அவள் அணைத்தாள். மாற்றப் பதிவில் "டேட்டாபேஸில் பாதிப்பு எதுவும் இல்லை" என்று எழுதிக் கையெழுத்து இட்டாள். என்னிடம் கேட்டதை எழுதவில்லை. போனில் கேட்டதை எதற்கு எழுதவேண்டும், சார்தானே சொன்னார் என்று விட்டிருப்பாள். நம்பிக்கை உள்ள இடத்தில் ஆட்கள் எழுதிவைக்க மாட்டார்கள். அதை என்னால் இப்போதும் குறையாகச் சொல்ல முடியவில்லை.

அந்தப் பெட்டிக்கு வேலை உண்டு. தடுப்பூசி ஃபிரிட்ஜின் வெப்பநிலையை வாங்கி, ஏறினால் தலைமை இடத்துக்கு அலாரம் அனுப்பவேண்டும். அது ஒன்றுதான் அதன் வேலை. வருஷக்கணக்கில் சத்தம் இல்லாமல் செய்துகொண்டிருந்தது. சனிக்கிழமை ராத்திரி மழை. கரண்டு போனது, வந்தது, போனது. ஃபிரிட்ஜின் ஸ்விட்ச் விழுந்துவிட்டது. ஞாயிறு கிளினிக் பூட்டு. அலாரம் அனுப்ப ஆள் இல்லை. திங்கள் காலை நர்ஸ், கூட்டத்தில் கை தூக்கினாரே அதே நர்ஸ், கதவைத் திறந்து தெர்மாமீட்டரைப் பார்த்தார். ஸ்விட்சைப் போட்டு வாயை மூடியிருக்கலாம், சாயங்காலத்துக்குள் ஃபிரிட்ஜ் குளிர்ந்திருக்கும், கெட்டுப்போன மருந்து குழந்தைகளின் தொடையில் ஏறியிருக்கும், யாருக்கும் தெரிந்திருக்காது. அவர் அப்படிச் செய்யவில்லை. அத்தனை மருந்தையும் ஒதுக்கிவைத்துவிட்டு, கைக்குழந்தைகளோடு வந்து நின்ற தாய்மார்களைத் திருப்பி அனுப்பிவிட்டு, தலைமை இடத்துக்குப் போன் செய்தார்.

எனக்குத் தகவல் வந்தபோது மணி பத்து இருக்கும். நான் முதலில் செய்தது என்ன என்பதுதான் இந்தக் கட்டுரையே.

டேட்டாபேஸைத் திறந்தேன். குளிர்சாதனம் என்று புதிதாக ஒரு கிளாஸ் உண்டாக்கினேன். பெருங்கடவிளை ஃபிரிட்ஜை அதில் சேர்த்தேன். பொதுச் சேவைக்குப் போன பொய்க் கோட்டை அழித்தேன். ஃபிரிட்ஜ் அலாரம் இந்தப் பெட்டியை நம்பி இருக்கிறது என்று கோடு போட்டேன். இவன் செத்தா அவன் படுப்பானா என்று கேட்டு, திசை சரியாகப் போட்டேன். முக்கியத்துவம்: மிக அதிகம். முடித்துப் பார்த்தபோது, கேட்டுக்கொள்ளுங்கள், எனக்கு ஒரு திருப்திகூட வந்தது. இவ்வளவு அழகாக ஒரு பதிவை நான் அதற்கு முன் செய்ததில்லை.

என்ன நினைத்துச் செய்தேன் என்று கேட்டால் இரண்டும் சொல்வேன். தப்பாக இருக்கும் பதிவைச் சரி செய்வது என் வேலை, அதனால் செய்தேன். இதை யாராவது பார்ப்பதற்குள் சரி செய்துவிட வேண்டும், அதனாலும் செய்தேன். எது கூடுதல் என்று அன்று நான் அளந்து பார்க்கவில்லை. இன்று எனக்குத் தெரியும்.

செவ்வாய் மத்தியானம் விசாரணை. மேனேஜர், தரக் கட்டுப்பாட்டு அதிகாரி ஒருவர், ஷீபா, நான். நடுவில் சாயா, பழம்பொரி. மேனேஜர் ஷீபாவின் மாற்றப் பதிவை வாசித்தார். பாதிப்பு எதுவும் இல்லை. பிறகு சுவரில் டேட்டாபேஸைப் போட்டார். பெட்டி. அதிலிருந்து, முக்கியத்துவம் மிக அதிகம் என்று காட்டச் சிவப்பாக ஒரு கோடு. கோட்டின் மறுமுனையில் தடுப்பூசி ஃபிரிட்ஜ்.

"ஷீபா, இது கண்டில்லே?" என்று மலையாளத்தில் கேட்டார்.

ஷீபா சுவரைப் பார்த்தாள். "நான் பாத்தப்ப இது இல்ல சார்."

"இப்ப உண்டல்லோ."

"இல்ல சார். பொதுச் சேவைன்னுதான் இருந்து. எனக்கு நல்ல ஓர்மை உண்டு."

தரக் கட்டுப்பாட்டு அதிகாரி பொறுமையாகச் சொன்னார்: "மோளே, அவசரத்தில வேற பெட்டியைப் பாத்திருக்கலாம். மனுஷருக்கு வரும்."

"வேற பெட்டி இல்ல சார்."

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "இந்தப் பதிவு சரியா?"

ஒரு பதிவு எப்போது உண்டானது, யார் மாற்றினார்கள் என்பது மாற்ற வரலாறு என்ற தனிப் பக்கத்தில் இருக்கும். முதல் பக்கத்தில் வராது. முன்னால் வந்துகொண்டிருந்தது. பக்கம் அடைசலாக இருக்கிறது, சுத்தமாக இருக்கட்டும் என்று அதை உள்ளே தள்ளியவன் நான். அங்கே மேசையில் மௌஸ் என் கைக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. இரண்டு தட்டு தட்டினால் திங்கட்கிழமை, காலை பத்தரை, என் பெயர் என்று சுவரில் விழுந்துவிடும்.

"சரிதான் சார்" என்றேன்.

கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னேன். பொய் ஒன்றும் சொல்லவில்லை பாருங்கள். பிறகு பழம்பொரியைப் பிட்டு வாயில் போட்டேன். பேசாமல் இருப்பதற்கு ஒரு காரணம் வேண்டும், வாய் நிறைய இருந்தால் அது காரணம். அத்தனை வருஷத்தில் ஒரு தமாஷும் தோன்றாத ஒரே கூட்டம் அதுதான்.

விசாரணை அறிக்கையில் நான்கு வரி. டேட்டாபேஸ் சரியாக இருந்தது. பணியாளர் பார்க்கத் தவறினார். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் பரிந்துரை இல்லை. டேட்டாபேஸைப் பராமரிப்பவர்களுக்குப் பாராட்டு. ஆமாம், நான்காவது வரியும் உண்டு.

மறுநாள் ஷீபா என் மேசைக்கு வந்தாள். சத்தம் போடவில்லை.

"சாரே, எனக்கு அந்த வரலாறு பக்கம் திறக்காது. உங்களுக்குத் திறக்கும் இல்லியா? ஒண்ணு திறந்து காட்டுவீங்களா? என் கண்ணுக்கு என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியணும்."

அவளுக்குச் சந்தேகம் என் மேல் இல்லை. தன் கண் மேல். அதைப் பிடித்துக்கொண்டுதான் நான் தப்பித்தேன்.

"பாக்கலாம் மக்கா" என்றேன். "மேனேஜர்கிட்ட ஒரு அனுமதி கேக்கணும். கேட்டுட்டுச் சொல்லுதேன்."

அனுமதி ஒன்றும் வேண்டாம். அந்தப் பக்கத்தின் சாவியே நான்தான். அடுத்த நாள் கேட்டாள். "கேட்டிருக்கேன்" என்றேன். அதற்கடுத்த வாரம் கேட்டாள். "மேனேஜர் லீவு" என்றேன். பிறகு கேட்கவில்லை. மாதக் கடைசியில் அடையாள அட்டையைக் கழற்றி வரவேற்பறையில் கொடுத்துவிட்டுப் போனாள். நான் பாசஞ்சரை விட்டு பஸ்ஸில் போக ஆரம்பித்தேன். முழங்கால் வலி, ரயில் படி ஏற முடியவில்லை என்று வீட்டில் சொன்னேன். பஸ் படி அதைவிட உயரம். யாரும் கேட்கவில்லை.

வேறு ஆஸ்பத்திரிகளில் அவள் விண்ணப்பித்தாள் என்று கேள்விப்பட்டேன். இந்தப் பக்கத்தில் ஆஸ்பத்திரி உலகம் ரொம்பச் சிறியது. தடுப்பூசி விஷயத்தில் கவனக்குறைவு என்று ஒரு வாய் சொன்னால் மறு வாய் கேட்கும். ஒரு இடத்திலிருந்து எங்கள் மேனேஜருக்கே போன் வந்தது. அவர் என் முன்னால் வைத்துத்தான் பேசினார். "நல்ல குட்டியாணு, பக்ஷே..." என்று, நல்ல பெண்தான் ஆனால் என்று, தொடங்கினார். நான் தண்ணீர் குடிக்க வெளியே போய்விட்டேன்.

இன்னும் ஒன்று மிச்சம். சில வருஷம் கழிந்து ஆஸ்பத்திரி வேறு குழுமத்தின் கைக்குப் போனது. அவர்களுக்கு வேறு மென்பொருள். பழைய டேட்டாபேஸை அதற்கு மாற்றும் பொறுப்பு என்னிடம் வந்தது. "வரலாறும் வேண்டுமா, இப்போதைய நிலை மட்டும் போதுமா?" என்று கேட்டார்கள். வரலாறு வந்தால் பளு கூடும், வேலை இழுக்கும், பழைய குப்பை எதற்கு என்று ஒரு பக்கத்துக்குக் காரணம் எழுதினேன். ஒவ்வொரு காரணமும் சரியான காரணம். கையெழுத்துப் போட்டேன். அந்தத் திங்கட்கிழமை பத்தரை மணி அன்றோடு பூமியில் இல்லாமல் போனது. இப்போது நீங்கள் வேலை செய்யும் டேட்டாபேஸில் பெருங்கடவிளை ஃபிரிட்ஜ் இருக்கும். கோடு சரியாக இருக்கும். அழகாக இருக்கும். அதைப் பார்த்து என்னைப் பாராட்டிவிடாதீர்கள்.

ஆகையால், மக்களே, தப்பு நடந்த பிறகு பதிவைச் சரி செய்யாதீர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. சரி செய்யுங்கள், அதற்குத்தான் சம்பளம். ஆனால் கை வைப்பதற்கு முன்னால் அது எப்படி இருந்தது என்று ஒரு தாளில் அடித்து, விசாரணைக்காரன் மேசையில் வைத்துவிட்டு வந்து கை வையுங்கள். ஏனென்றால் திரை எப்போதும் இப்போதைய நிலையைத்தான் காட்டும். அந்த அறையில் யாருக்குப் பதவி குறைவோ, அவளுக்கு வேண்டியது பழைய நிலை. அது எங்கே இருக்கிறது என்று உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

இதுவரை எழுதி, ஒரு தடவை படித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் வந்திருக்கிறது என்று தோன்றியது. உடனே அருவருப்பாகவும் இருந்தது. முகம் தெரியாத ஆறு பேரிடம் வரிசையாக எல்லாவற்றையும் சொல்லியாகிவிட்டது. சொல்லவேண்டிய ஆள் என் வீட்டிலிருந்து இருபது நிமிஷ நடையில் இருக்கிறாள்.

ஷீபா இப்போது பாறசாலை ஜங்ஷன் பக்கம் ஆன்லைன் விண்ணப்பக் கடை வைத்திருக்கிறாள். ரேஷன் கார்டு, சாதிச் சான்றிதழ், பரீட்சைக் கட்டணம். நான் எப்போதும் எதிர்ப் பக்கம் வழியாகத்தான் நடப்பேன். நேற்று நேராகப் போனேன். சும்மா போகவும் தைரியம் இல்லை, ஒரு சாக்கு வேண்டும். பென்ஷன்காரன் வருஷத்துக்கு ஒரு தடவை உயிரோடு இருக்கிறேன் என்று விரல் வைத்து நிரூபிக்கவேண்டும் அல்லவா, அந்தத் தாளைக் கொண்டுபோனேன்.

எனக்கு முன்னால் மூன்று பேர். நாற்காலியில் உட்கார்ந்தேன். என் முறை வந்தது. தலை நரைத்திருந்தது அவளுக்கு. என்னைப் பார்த்தாள், தெரிந்துகொண்டாள், முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

"ஆதார் நம்பர் சொல்லுங்க சாரே."

சொன்னேன்.

"விரலை வைங்க."

வைத்தேன். மிஷின் அதை எடுக்கவில்லை. வயசானவர்களுக்கு ரேகை தேய்ந்துவிடும். மிஷின் சிவப்புக் காட்டியது. "துடைச்சிட்டு வைங்க" என்று ஒரு துணி நீட்டினாள். மறுபடி சிவப்பு.

"நான் உயிரோட இல்லைன்னு மிஷினுக்கே தெரிஞ்சுபோச்சு போல" என்றேன். அந்த நேரத்திலும் வாய் சும்மா இருக்கவில்லை. அவள் சிரிக்கவில்லை. "மற்ற விரலை வைங்க."

மற்ற விரலை அழுத்தி வைத்துக்கொண்டு, பின்னால் காத்திருக்கிற ஆட்களுக்கும் கேட்கும் என்று தெரிந்தே, சொன்னேன். அந்தக் கோட்டைத் திங்கட்கிழமை காலை நான்தான் போட்டேன் என்று சொன்னேன். வெள்ளிக்கிழமை நீ பார்த்தது சரி, உன் கண்ணுக்கு ஒன்றும் இல்லை என்று சொன்னேன். அனுமதி கேட்டேன் என்றது பொய் என்றும், வரலாற்றை அழிய விட்டதும் நான் என்றும் சொன்னேன். பின்னால் ஒரு பெண் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஷீபா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மிஷின் பச்சை காட்டியது. தாள் அடித்து வந்தது. அதை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"இதையெல்லாம் நடந்தபடி எழுதி, கையெழுத்துப் போட்டுத் தாறேன் மக்கா," என்றேன். "எங்க கொடுக்கணுமோ அங்க நானே கொண்டுபோய்க் கொடுக்கேன். வேணுமா?"

"அண்ணைக்கு வேண்டியிருந்தது, சாரே."